சாமுவேல் இன்சல்: மின்வலுவின் வரவுசெலவு கண்டவர்

மின்விளக்கை ஆக்கியவர் யார் என்று வினவினால் நம் கல்லூரியின் கீழ்வகுப்பு மாணவனும் விடை பகர்வான். அவ்விளக்கு எளியோர் வீட்டிலும் எரியுமாறு மின்சாரத்தின் விலை தாழ்ந்தது எவ்வாறு என்று வினவினால் மேல்வகுப்பு மாணவரும் சற்றுத் தயங்குவர். இரண்டாம் வினாவின் விடையிற் பெரும்பங்கு ஒரு மனிதரின் வாழ்க்கையில் அடங்கியிருக்கின்றது. அவர் விஞ்ஞானியல்லர், பொறியியலாளருமல்லர், சுருக்கெழுத்து எழுதும் எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கியவர். சாமுவேல் இன்சல் என்பது அவர் பெயர். ஒரு காலத்தில் அமெரிக்க நாட்டிற் பிள்ளைகளும் அறிந்திருந்த அப்பெயர் இன்று நூல்களின் அடிக்குறிப்புகளில் மறைந்து கிடக்கின்றது. அவர் உயர்ந்த வரலாறும் கற்றற்குரியது. வீழ்ந்த வரலாறு அதனினும் கற்றற்குரியது.

அவர் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு மின்சாரத்தின் இயல்பொன்றை முதலில் அறிதல் வேண்டும். நெல்லை அறுவடைக் காலத்திற் பத்தாயத்தில் நிறைத்து வைத்துப் பின்னர் எடுத்துண்ணலாம். மாரி நீரைக் குளத்திற் கட்டி வைத்துக் கோடையிற் பாய்ச்சலாம். மின்வலுவோ பிறந்த கணத்திலேயே செலவாகவேண்டும். செலவாகும் கணத்திலேயே பிறக்கவும் வேண்டும். பற்றரிகளிற் சேமித்தல் இயலுமெனினும், இன்சல் வாழ்ந்த காலத்தில் அச்சேமிப்பு அளவிற் சிறிது, விலையிற் பெரிது. ஊரார் விளக்கேற்றும்போது மின்பிறப்பாக்கியின்மேற் சுமை ஏறுகின்றது. அதற்கு ஈடாக நீராவியோ எண்ணெயோ உடனே கூட்டப்படாவிடின் எந்திரத்தின் வேகம் தளரும். விளக்கணைக்கும்போது அவற்றைக் குறையாவிடின் வேகம் மிஞ்சும். தளர்ச்சியும் மிகையும் அளவு கடந்தால் ஊர் முழுவதும் இருளில் மூழ்கும். ஆகவே, வழங்கலும் தேவையும் நாளின் ஒவ்வொரு நொடியிலும் சமநிலையில் நிற்றல் வேண்டும். இச்சமநிலையை எந்திரத்தின் சிக்கலாக மட்டும் கருதாமல், மக்கள் வாழ்க்கை முறையோடும் விலையோடும் சேர்த்து நோக்கியவர்களுள் முன்னிற்பவர் இன்சல்.

இளமை

இன்சல் 1859 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11 ஆந் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் மதுவிலக்கிற் பெரும் பற்றுடையவர். சமயப் பிரசங்கமும் செய்தவர். குடும்பத்திற் கொள்கை மிகுந்திருந்தது; கைப்பொருள் குறைந்திருந்தது. பதினான்கு வயதில் இன்சல் பள்ளியை விட்டு நீங்கி, ஏலக்காரர் காரியாலயமொன்றில் ஏவலாளாக அமர்ந்தார். பகல் முழுதும் ஏவல் செய்தவர் மாலை வேளைகளிற் சுருக்கெழுத்துப் பயின்றார். அக்கலை அவருக்குப் பத்திரிகையாசிரியர் போன்ற பெரியோர் பலரிடம் வேலை தேடித் தந்தது.

1879 ஆம் ஆண்டிற் பத்திரிகை விளம்பரமொன்றைக் கண்டு விண்ணப்பித்த இன்சல், கேணல் கூரோ என்பாரின் செயலாளரானார். அந்தக் கூரோ, அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் அல்வா எடிசனின் இலண்டன் பிரதிநிதி. இளைஞரின் சுறுசுறுப்பும் கணக்கறிவும் கடல் கடந்து எடிசனின் செவிக்கு எட்டின. 1881 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆந் தேதி, இருபத்தொரு வயதில், இன்சல் நியூயோர்க் துறைமுகத்தில் வந்திறங்கினார். கப்பலை விட்டிறங்கிய அன்றிரவே எடிசனின் அந்தரங்கச் செயலாளராகப் பணியேற்று, நெடுநேரம் கணக்குப் புத்தகங்களோடு அமர்ந்திருந்தார். எடிசனுக்குப் பணத்தின் நினைவு வருவது அரிது. கடிதமெழுதுவதும் கடன் வாங்குவதும் கடனிறுப்பதும் இன்சலின் வேலைகளாயின.

எடிசனிடம் கற்றது

அவ்வேளையில் எடிசன் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் மின்நிலையமொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். 1882 ஆம் ஆண்டு செத்தெம்பர் 4 ஆந் தேதி தொழிற்படத் தொடங்கிய அந்நிலையம், அயலிலுள்ள சில தெருக்களுக்கு மட்டுமே ஒளி தந்தது. இன்று சிறுமின்வலை என்று நாம் வழங்கும் அமைப்பின் மூதாதை என்று அதனைக் கூறலாம். ஜம்போ என்னும் யானையின் பெயர் சூட்டப்பெற்ற ஆறு பெரிய தைனமோக்கள் அந்நிலையத்துக்கென வகுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 27 தொன் நிறையுடையது. ஏறக்குறைய 100 கிலோவாற்று வலுவைத் தர வல்லது.

நிலையம் திறக்கப்படுவதற்கு முன்னர் இரண்டு தைனமோக்களை ஒன்றாக இணைத்து ஓட்டிப் பார்த்தபோது எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. ஓர் எந்திரத்தின் வேகம் சிறிது மிஞ்சியதும் அது முழுச் சுமையையும் தானே ஏற்று மற்றதையும் இழுத்தோட்டியது. அடுத்த கணம் மற்றது முந்திக்கொண்டு இதனை இழுத்தோட்டியது. இவ்வாறு மாறிமாறி ஒன்றையொன்று துரத்தியமையாற் கட்டடமே அதிர்ந்தது. அங்கு நின்றோர் அஞ்சியோடினர் என்பர். எந்திரம் ஒவ்வொன்றிலும் வேகத்தை அடக்குவதற்குக் கவனர் என்னும் கருவியுண்டு. இரு கவனர்களும் ஒன்றையொன்று அறியாது, தத்தம் போக்கிலே வேகத்தைத் திருத்த முயன்றமையே இடருக்குக் காரணம். எடிசன் முதலில் இரு கவனர்களையும் தண்டுகளாற் பிணைத்து ஒன்றாக அசையச் செய்தார். பின்னர் வேறுவகை எஞ்சின்களை வருவித்துக் குறையை நீக்கினார்.

இதன் உட்பொருளை இருமாட்டு வண்டியை ஓட்டிய எவரும் அறிவர். ஒரு நுகத்திற் பூட்டிய இரண்டு மாடுகளும் தாமே முந்தவேண்டுமென்று முரண்டினால் வண்டி குடைசாயும். சுமை கூடும்போது இரண்டும் சற்றே நடை தளர்ந்து தத்தம் வலிமைக்கேற்பப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டால் வண்டி செவ்வனே செல்லும். பல பிறப்பாக்கிகளை ஒருங்கே இயக்கும் இடங்களில் இன்றும் கையாளப்படும் முறை இதுவே. சுமை ஏற ஏற ஒவ்வொரு பிறப்பாக்கியும் தன் வேகத்தைச் சிறிதளவு குறைத்துக்கொள்ளுமாறு அமைக்கப்படுகின்றது. அக்குறைவே ஏனையவற்றுக்குச் செய்தியாகின்றது. ஒன்றோடொன்று பேசாமலே அவை சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

சிக்காகோவின் அழைப்பு

1886 ஆம் ஆண்டில் எடிசனின் எந்திரத் தொழிற்சாலை செனெக்டடி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டபோது அதனை நடத்தும் பொறுப்பு இன்சலிடம் வந்தது. சில நூறு தொழிலாளரோடு தொடங்கிய அத்தொழிற்சாலை அவர் ஆட்சியிற் சில ஆயிரம் தொழிலாளரைக் கொண்டதாக வளர்ந்தது. 1892 ஆம் ஆண்டில் எடிசனின் கொம்பனியும் அதனோடு போட்டியிட்ட கொம்பனியும் இணைந்து ஜெனரல் எலக்றிக் கொம்பனி தோன்றியது. புதிய கொம்பனியில் இன்சலுக்கு உயர்ந்த பதவியும் ஆண்டுக்கு 36,000 டொலர் வேதனமும் காத்திருந்தன. அவரோ அவற்றை விடுத்து, 12,000 டொலர் வேதனத்திற் சிக்காகோ எடிசன் கொம்பனி என்னும் சிறு தாபனத்தின் தலைமையை ஏற்றார். மூன்றிலொரு பங்கு ஊதியத்துக்கு இறங்கிச் சென்ற அவரைக் கண்டு நண்பர்கள் வியந்தனர். பிறருடைய பெருநிழலில் நிற்பதினும் தம் சொந்த நிலத்தில் நிற்பதே அவருக்கு இனிதாயிருந்தது. அங்ஙனம் செல்லும்போதே சிக்காகோ வணிகப் பெருந்தனவந்தர் மார்ஷல் பீல்ட் என்பாரிடம் 250,000 டொலர் கடன் பெற்றுக் கொம்பனிப் பங்குகளை வாங்கினார். கடன் வாங்கிப் பங்கு சேர்க்கும் அப்பழக்கம் பின்னாளில் எங்கே கொண்டுசென்றதென்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்நாளிற் சிக்காகோ பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம். அங்கே இருபதுக்கு மேற்பட்ட மின்கொம்பனிகள் தெருவுக்குத் தெரு போட்டியிட்டன. அவற்றுக்கு அப்பால், பெரிய விடுதிகளும் கடைகளும் தத்தம் நிலவறைகளிற் சொந்தப் பிறப்பாக்கிகளை வைத்திருந்தன. ஓரிடத்தில் எந்திரம் ஓய்ந்து கிடக்க, அடுத்த கட்டடத்தில் மற்றோர் எந்திரம் தாங்கவியலாச் சுமையால் முனகும். ஒன்றின் மிகை மற்றதன் குறையை நிரப்ப வழியில்லை. இன்சல் அக்கொம்பனிகளை ஒவ்வொன்றாக வாங்கலானார். 1907 ஆம் ஆண்டில் அவை யாவும் கொமன்வெல்த் எடிசன் கொம்பனி என்னும் ஒரே பெயரின்கீழ் வந்தன.

பிறைற்றன் கடைத்தெரு

வாங்குவது எளிது, இலாபத்தோடு நடத்துவது அரிது. மின்நிலையத்தின் செலவிற் பெரும்பகுதி எரிபொருட் செலவன்று; எந்திரத்துக்கும் கம்பிக்கும் இட்ட முதலின் வட்டியே. எந்திரம் ஓடினாலும் ஓய்ந்தாலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். மாலை நான்கு மணித்தியாலம் மட்டும் எரியும் விளக்குகளுக்காக எந்திரம் வாங்கினால், எஞ்சிய இருபது மணித்தியாலத்தின் வட்டியையும் அந்த விளக்குகளே இறுக்கவேண்டும். அதனாற்றான் மின்விளக்கு செல்வர் வீட்டுப் பொருளாயிருந்தது.

1894 ஆம் ஆண்டின் இறுதியில் இன்சல் இங்கிலாந்துக்குச் சென்று பிறைற்றன் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் விடுமுறையைக் கழித்தார். அங்கே சிறுகடைகளிலும் மின்விளக்குகள் தாராளமாக எரிவதைக் கண்டு வியந்து, அந்நகர மின்நிலைய அதிகாரி ஆதர் றைற் என்பாரைத் தேடிச் சென்றார். அவர் புதுவகை மின்மானி ஒன்றை ஆக்கியிருந்தார். வாடிக்கையாளர் மொத்தமாக எவ்வளவு மின்சாரம் செலவு செய்தார் என்பதோடு, ஒரே வேளையில் மிகுதியாகக் கேட்டது எவ்வளவு என்பதையும் அறிய அது உதவியது. உச்சத் தேவைக்கு ஒரு கட்டணம். செலவான அலகுக்கு வேறொரு கட்டணம். நெடுநேரம் ஒரே சீராகப் பயன்படுத்துபவருக்கு அலகின் விலை குறையும். சிறிது நேரம் பெருஞ்சுமை தருபவருக்கு விலை கூடும். யார் பொருட்டு எந்திரம் வாங்கப்பட்டதோ அவரே அதன் வட்டியை இறுப்பது நீதியன்றோ? இன்சல் தம் உதவியாளரை அங்கனுப்பி அம்முறையை நுணுகி ஆராயச் செய்து, சில ஆண்டுகளுட் சிக்காகோவிலும் நடைமுறைப்படுத்தினார்.

வேற்றுமையின் பயன்

இன்சல் கண்ட பேருண்மையைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு பட்டினத்தின் வீட்டு விளக்குகளுக்கு மாலை 6 மணி தொடக்கம் 10 மணி வரை 300 கிலோவாற்று வேண்டுமென்று கொள்வோம். அங்குள்ள ஆலையொன்றுக்குக் காலை 8 மணி தொடக்கம் மாலை 4 மணி வரை 200 கிலோவாற்று வேண்டும். பனிக்கட்டித் தொழிற்சாலைக்கு இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை 150 கிலோவாற்று வேண்டும். மூன்றும் தனித்தனி எந்திரம் வைத்தால் மொத்தம் 650 கிலோவாற்று எந்திரம் வாங்கவேண்டும். மூன்றையும் ஒரே வலையிற் பிணைத்தால் 300 கிலோவாற்று போதும். ஒருவர் ஓயும் வேளையிலேயே மற்றவர் கேட்கின்றார். விளக்குகள் மட்டுமாயின் அந்த எந்திரம் நாளொன்றுக்கு 1,200 அலகையே விற்கும். மூன்றும் சேர்ந்தால் 4,000 அலகை விற்கும். எந்திரமும் வட்டியும் மாறவில்லை. விற்பனை மும்மடங்கிலும் மிகுந்தமையால் விலையைக் குறைக்கலாம்; குறைந்தால் இன்னும் பலர் வாங்குவர்.

உச்சத் தேவையோடு சராசரித் தேவையை ஒப்பிடும் அளவைச் சுமைக்காரணி என்பர். எடுத்துக்காட்டிய பட்டினத்தில் அது ஆறிலொன்றிலிருந்து பாதிக்கு மேலாக உயர்ந்ததைக் காண்க. வாடிக்கையாளரின் உச்சங்கள் ஒரே வேளையில் வாராமையால் விளையும் நன்மையை வேற்றுமைக் காரணி என்பர். இவ்விரண்டையும் பலர் முன்னரே அறிந்திருந்தனர். ஆயின் அவற்றை ஒரு வணிகத்தின் உயிர்நாடியாக்கியவர் இன்சல். சிக்காகோவின் ஒரு வீட்டுத் தொகுதியில் ஏறக்குறைய இருநூறு குடியிருப்புகளை அவர் அளந்தறியச் செய்தபோது, வீடுகளின் தனித்தனி உச்சங்களைக் கூட்டி வந்த தொகையின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான வலுவே அத்தொகுதி முழுமைக்கும் உண்மையில் வேண்டியிருந்தது.

இதனை அறிந்தபின் அவர் வாடிக்கையாளரைத் தேடிய முறையே மாறியது. பகலில் ஓடும் ஆலைகளை நாடினார். காலையிலும் மாலையிலும் உச்சம் காணும் ட்ராம் வண்டிக் கொம்பனிகளுக்குக் குறைந்த விலை காட்டி அவற்றின் சொந்த எந்திரங்களை நிறுத்தச் செய்தார். விளக்குத் தேவை குறையும் கோடையிற் பெருகி இயங்கும் பனிக்கட்டித் தொழிற்சாலைகளை இணைத்தார். மின் இஸ்திரிப்பெட்டி முதலிய வீட்டுக் கருவிகளைப் பரப்பினார். நகர மக்களின் ஒருநாள் வாழ்க்கை முழுதும் அவர் மேசைமேல் ஒரு வளைகோடாகத் தீட்டப்பட்டுக் கிடந்தது. அக்கோட்டின் பள்ளங்களை நிரப்புவதே தம் தொழிலெனக் கொண்டார்.

துணிவிலும் அவர் குறைந்தவரல்லர். 1903 ஆம் ஆண்டிற் பிஸ்க் வீதி நிலையத்தில் 5,000 கிலோவாற்று நீராவிச் சுழலியை நிறுவினார். அத்துணைப் பெரிய சுழலியை அதற்கு முன்னர் அந்நாட்டில் எவரும் நிறுவியதில்லை. முதன்முறை அதனை ஓட்டும்போது வெடித்துவிடுமோ என்றஞ்சிய பொறியியலாளர், தலைவரை அப்பாற் செல்லுமாறு வேண்டினர். அது வெடித்தாற் கொம்பனியும் தாமும் அதனோடு அழிவதே முறையென்று இன்சல் அங்கேயே நின்றார் என்பர்.

நாட்டுப்புறத்துக்கு ஒளி

நகரத்திற் பெற்ற வெற்றியை நாட்டுப்புறத்திலும் நிலைநாட்ட விழைந்த இன்சல், 1910 ஆம் ஆண்டளவிற் சிக்காகோவுக்கு வடக்கேயுள்ள லேக் கவுண்டி என்னும் பகுதியை எடுத்துக்கொண்டார். அங்கிருந்த 22 சிற்றூர்களிற் பாதிக்கும் குறைவானவற்றிலேயே மின்சாரம் இருந்தது. இருந்த ஊர்களிலும் சிறு நிலையங்கள் பெரும்பாலும் மாலை தொடக்கம் நள்ளிரவு வரையே ஓடின. பகலில் ஒருவருமே கேளாத மின்சாரத்துக்காக எந்திரத்தை ஓட்டினால் நட்டமே மிஞ்சும். இன்சல் அவ்வூர்களைக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துத் திறன்மிக்க நிலையத்திலிருந்து வலுவை அனுப்பினார். ஓரூர்ப் பால்பண்ணையின் தேவையும் மற்றோரூர் ஆலையின் தேவையும் ஒன்றையொன்று நிரப்பின. இருபத்துநான்கு மணித்தியாலமும் மின்சாரம் கிடைத்தது; செலவும் குறைந்தது. நாட்டுப்புறத்துக்கு மின்சாரம் ஆகாதென்ற எண்ணம் பிழையென்பதற்கு அப்பகுதி சான்றாயிற்று.

இத்தகைய தொழிலை ஒரே தாபனம் நடத்துவதே சிக்கனம் என்பது அவர் துணிபு. ஆயினும் தனியுரிமை பெற்றவன் தான் வேண்டிய விலையைக் கேட்பானல்லனோ? இவ்வினாவை அவரே எழுப்பி, விலையை அரசாங்க ஆணைக்குழு கண்காணித்தல் வேண்டுமென்று 1898 ஆம் ஆண்டிலேயே மின்தொழிலதிபர் சங்கத்தின் தலைவராக நின்று கூறினார். தம் தொழிலுக்குத் தாமே கடிவாளம் கேட்ட முதலாளிகள் உலகில் மிகச் சிலரே. ஆயின் அவர் புகழில் மறுவுமுண்டு. 1926 ஆம் ஆண்டில், இலினோய் மாநிலத்தின் அத்தகைய ஆணைக்குழுவின் தலைவராயிருந்த ஒருவர் செனற் சபைத் தேர்தலுக்கு நின்றபோது, இன்சல் அவருக்குப் பெருந்தொகை வழங்கினார். கண்காணிப்போருக்கே காசளித்த செயலை நாடு வெறுத்தது. வெற்றிபெற்றவருக்குச் செனற் சபை இடமளிக்க மறுத்தது.

வீழ்ச்சி

1920 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இன்சலின் மின்பேரரசு முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களிற் பரந்தது. கொம்பனிகளின் பங்குகளை வைத்திருக்க ஒரு கொம்பனி. அதன் பங்குகளை வைத்திருக்க மேலொரு கொம்பனி. இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காகக் கோபுரம் எழுந்தது. மேலே நின்றவர் சிறிய முதலைக் கொண்டு கீழேயுள்ள அனைத்தையும் ஆளலாம். மின்சாரம் வாங்கிய எளிய மக்களுக்கே கொம்பனி ஊழியர் பங்குகளையும் விற்றனர். 1929 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆந் தேதி அவர் சிக்காகோவிற் கட்டுவித்த மாபெரும் இசையரங்கு திறக்கப்பட்டது. நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்து அப்போது சில நாட்களே கழிந்திருந்தன.

தம் கொம்பனிகளைப் பிறர் கைப்பற்றுவாரோ என்னும் அச்சத்தால் இன்சல், 1930 ஆம் ஆண்டில் ஒரு போட்டியாளரின் பங்குகளை 560 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அதற்காக வங்கிகளிற் கடன்பட்டார். பங்குகளையே ஈடு வைத்தார். பங்கின் விலை சரியச் சரிய வங்கிகள் மேலும் ஈடு கேட்டன. 1932 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மிடில் வெஸ்ற் என்னும் பெருங்கொம்பனி நீதிமன்றப் பொறுப்பிற் சென்றது. யூன் மாதத்தில் இன்சல் எல்லாப் பதவிகளையும் துறந்தார். சேமிப்பை இழந்தோர் பல இலட்சம் பேர். அவர்களுட் பெரும்பாலோர் ஆசிரியர், எழுதுவினைஞர், கைம்பெண்கள் போன்ற எளியோர்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டியதொன்றுண்டு. வாடிக்கையாளர் அனைவரும் ஒரே வேளையிற் கேளார் என்பதே இன்சலின் மின்தொழிலைத் தாங்கிய தூண். கடன் கொடுத்தோரும் ஒரே வேளையிற் கேளார் என்று அவர் நம்பினார் போலும். விளக்கேற்றுவோர் தத்தம் வாழ்க்கைக்கேற்ப வெவ்வேறு வேளையில் ஏற்றுவர். அச்சம் கொண்டோரோ ஒருவர் ஓடுவதைக் கண்டு அனைவரும் ஓடுவர். வேற்றுமை அழிந்த இடத்தில் அதன் பயனும் அழிந்தது. எல்லா உச்சமும் ஒரே நாளில் வந்தன, தாங்குவதற்கு எந்திரமில்லை.

இன்சல் ஐரோப்பாவுக்குச் சென்று கிரேக்க நாட்டிற் புகலடைந்தார். 1934 ஆம் ஆண்டில் அங்கிருந்து ஒரு சிறு கப்பலில் வெளியேறியவர் இஸ்தான்புல் நகரிற் பிடிக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் சிக்காகோ நீதிமன்றம் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தது. பின்வந்த வழக்குகளிலும் விடுதலை பெற்றார். ஆயினும் நாடு அவரைப் பழைய கண்ணால் நோக்கவில்லை. அடுக்குக் கொம்பனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1935 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. 1938 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் தேதி, தமது எழுபத்தெட்டாம் வயதிற் பாரிஸ் நகரச் சுரங்க இரயில் நிலையமொன்றில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். அவர் உடையிற் சில்லறைக் காசுகளே இருந்தன. அதே வேளையிற் சிக்காகோவில் அவர் அமைத்த மின்நிலையங்கள் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய கடன்கோபுரம் வீழ்ந்தது, மின்வலை வீழவில்லை.

இன்றைக்கு அவர் பாடம்

சிறு நிலையங்களை மூடிப் பெருநிலையங்களை எழுப்பிய இன்சலின் நெறி ஒரு நூற்றாண்டு ஆண்டது. இன்றோ காலம் சுழன்று, சிறிய பிறப்பாக்கிகள் மீண்டும் வந்துள்ளன. கூரைதோறும் சூரியத் தகடு, கரையோரத்திற் காற்றாடி, அருகே பற்றரியும் டீசல் எந்திரமும். இவற்றையெல்லாம் ஒரே சிறுவலையிற் பிணைத்து, வேண்டியபோது நாட்டின் பெருவலையினின்று விலகியும் இயங்கவைக்கலாம். நம் எழுவைதீவு மக்கள் இத்தகைய கலப்பு அமைப்பை அறிவர். 1990 ஆம் ஆண்டை அடுத்த போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு பெருவலையினின்று துண்டுண்டு, எண்ணெய் விளக்கையும் டீசல் எந்திரத்தையும் நம்பி வாழ்ந்ததை மூத்த பழைய மாணவர் மறவார்.

தீவொன்றின் சிறுவலையிற் சமநிலை காப்பது நகரத்திற் காப்பதினும் கடினம். வாடிக்கையாளர் சிலராதலால் வேற்றுமையின் பயன் குறைவு. ஒரு நீரிறைக்கும் எந்திரம் தொடங்கினாலும் வலை முழுதும் உணரும். கனத்த சுழலிகள் இன்மையால் மீடிறன் விரைவிலே தளரும் அல்லது மிஞ்சும். ஆதலாற் பற்றரி நொடிக்கு நொடி மிகையை ஏற்றும் குறையை நிரப்பியும் நிற்கவேண்டும். டீசல் எந்திரம் நீண்ட குறைக்குத் துணையாகவேண்டும். சூரியத் தகட்டின் மின்மாற்று கருவிகள், இருமாட்டு வண்டியின் நெறியைப் பின்பற்றிச் சுமையைப் பகிரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரிறைத்தல், பனிக்கட்டி செய்தல் போன்று நேரம் மாற்றத்தக்க வேலைகளை வெயில் மிகுந்த வேளைக்கு மாற்றவேண்டும். இவற்றுள் இறுதியானது முற்றும் இன்சலின் வழி.

இவ்வழியை மறந்தால் விளைவது யாது என்பதை நாமே கண்டோம். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்றால் நேர்ந்த தடங்கல் இலங்கை முழுவதையும் இருட்டிற்று. குரங்கு தொடக்கமேயன்றி முழுக்காரணமன்று. விடுமுறை நாளாதலால் தேவை குறைந்திருந்தது. சூரிய மின்சாரம் மிகுந்திருந்தது. வேகத்தைத் தாங்கி நிறுத்தும் கனத்த சுழலிகள் சிலவே ஓடின. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. கேட்போரின் உச்சங்கள் வேறுபடும். சூரியத் தகடுகளின் உச்சமோ எல்லாக் கூரையிலும் நண்பகலிலேயே வரும். இன்சலின் வங்கிக் கடனில் அழிந்த வேற்றுமை இங்கே வேறோர் உருவில் அழிகின்றது. அதனை மீட்பதற்குச் சேமிப்பும், நேரத்துக்கேற்ற விலையும், மக்களின் ஒத்துழைப்பும் வேண்டும்.

திருவள்ளுவர் வரவு செலவின் அளவைப் பற்றிய கருத்துகளை வலியறிதல் என்னும் அதிகாரத்துள் வைத்தமை சிந்திக்கத்தக்கது. தன் வலியை அறிதலும் தன் வருவாயின் அளவை அறிதலும் ஒன்றேயென்பது அப்பெருமகனார் கருத்தாகலாம். நாம் இன்று விஞ்ஞானப் பாடத்தில் வலு என வழங்கும் மின்னாற்றலின் வரவையும் செலவையும் இன்சல் போன்று அறிந்தவர் சிலரே. அவ்வறிவைத் தம் பொருளின் வரவிலும் செலவிலும் அவர் செலுத்தினாரல்லர். கல்லூரியை விட்டு எந்திரவியலும் வணிகமும் கற்கச் செல்லும் நம் மாணவர், அவருடைய வளைகோட்டையும் கற்கவேண்டும். அவருடைய கடன் கணக்கையும் கற்கவேண்டும். முன்னதைக் கற்றவர் தீவுகளுக்கு ஒளி தருவர். பின்னதையும் கற்றவர் தம்மை நம்பியோரின் வீட்டு விளக்கு அணையாமற் காப்பர்.